உறங்கும் செடிகளும் ஆறாம் மாடி லிஃப்டும்

அனுப்புநர்
பராமரிப்புப் பொறுப்பாளர் (தொழில்: லிஃப்ட் மெக்கானிக்),
எட்டு மாடிக் குடியிருப்போர் நலச்சங்கம்,
ஆறாம் மாடி, இடது பக்கக் கதவு,
தபால் நிலையத்துக்குப் பின்தெரு.

பெறுநர்
உயர்திரு துணை ஆணையர் அவர்கள்,
பூங்காக்கள் மற்றும் நகர அழகுப் பிரிவு,
மாநகராட்சித் தலைமை அலுவலகம்.

பொருள்: எங்கள் கட்டட முகப்பிலுள்ள செடிகள் பட்டுப்போனவை எனக் கருதி, அவற்றை அகற்றிவிட்டுச் சிமென்ட் தளமும் அலங்காரப் புல்தரையும் அமைக்க உத்தரவிட்ட நோட்டீஸை நிறுத்தி வைக்கக் கோருதல் – செடிகள் உயிருடன் இருப்பதைத் தெரிவித்தல் – முதல் மழை வரை பொறுத்தருள வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத்தின் முதல் நோட்டீஸ் (பட்டுப்போன செடிகள் குறித்து).
2. தங்கள் அலுவலகத்தின் இரண்டாம் நோட்டீஸ் (பிளாஸ்டிக் பூக்கள் குறித்து).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் மேஜையில் மனுக்கள் மலையாய்க் குவிந்திருக்கும் என்பதை அறிவேன். இது சற்று நீளமான மனு. நடுவில் ஒரு தேநீர் வரவழைத்துக்கொண்டு படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் தொழிலில் லிஃப்ட் மெக்கானிக். இந்த நகரத்தில் ஏறி இறங்கும் பெட்டிகள் பலவற்றுக்கு என் கை பழக்கம். (தங்கள் தலைமை அலுவலக லிஃப்ட் மூன்றாம் மாடியில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் நிற்கிறது. அது வேறு மனு.) நானும் என் அக்காவும் மேற்கண்ட முகவரியில் ஆறாம் மாடியில் குடியிருக்கிறோம். அக்கா வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவர். சிறு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய கால்கள் இரண்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே சக்கர நாற்காலி. வாய் மட்டும் எந்தத் துணையும் இல்லாமல் எங்கும் போய்வரும்.

2. இம்மனுவை எழுதியவன் நான். திருத்தியவர் அக்கா. முதல் பிரதியில் நான் கோபத்தில் எழுதியிருந்த சில சொற்களை அவர் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டார். ஆகவே இதில் எங்கேனும் நான் மிகவும் பணிவாக இருப்பதாகத் தங்களுக்குத் தோன்றினால், அந்த இடத்தில் முன்பு வேறு ஏதோ இருந்தது என்று எடுத்துக்கொள்ளவும்.

3. விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு லிஃப்டுக்கும் அடியில், தரை மட்டத்துக்குக் கீழே ஒரு குழி இருக்கும். கட்டடத்திலேயே மிகத் தாழ்வான இடம் அதுதான். குழியில் தண்ணீர் நின்றால் அங்குள்ள ஸ்விட்சுகள் நனையும். பெட்டியை இயக்கக் கூடாது. இதில் சமரசத்துக்கே இடமில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் மெக்கானிக்குகளுக்கு நானே இதை மேஜையைத் தட்டிச் சொல்லிக் கொடுக்கிறேன்.

எங்கள் கட்டடத்தைக் கட்டியவருக்கு வாசலில் டைல்ஸ் பதிக்க வேண்டும் என்று ஆசை. பதித்தார். பளபளவென்று இருந்தது. ஆனால் சரிவைத் தெருப் பக்கம் வைக்காமல் கட்டடத்தின் பக்கம் வைத்துவிட்டார். மொட்டை மாடியில் விழும் மழை முழுவதும் குழாய்களில் இறங்கி, டைல்ஸ் மேல் வழுக்கி, வாசல் வழியாக உள்ளே வந்து, மரியாதையாக லிஃப்ட் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் பலத்த மழை பெய்தால் போதும், நான் லிஃப்டை நிறுத்திவிட்டுக் கதவில் ‘இயங்காது’ என்ற பலகையை மாட்டுவேன். பிறகு மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைப்பேன். இறைத்து முடிக்கும்போது அடுத்த மழை வந்துவிடும். மழைக்காலம் முழுக்க எனக்கும் அந்தக் குழிக்கும் இதுதான் பிழைப்பு.

வேடிக்கை என்னவென்றால், கோடை வந்தால் அதே கட்டடத்தின் ஆழ்துளைக் கிணறு வெறும் காற்றைத் துப்பும். லாரித் தண்ணீருக்காக வாசலில் காத்துக் கிடப்போம். மழைத் தண்ணீர் தானாக வீட்டுக்குள் வந்தபோது, அதை விரட்டி விரட்டிச் சாக்கடையில் ஊற்றியவர்களும் நாங்களேதான்.

4. லிஃப்ட் நின்ற நாட்களில் அக்கா ஆறாம் மாடியிலேயே இருப்பார். அவருடைய வேலை நிற்கக் கூடாது என்பதால் பால்கனியில் ஒரு கயிறும் பையும் கட்டினோம். பதிப்பகத்து ஆள் கீழே நின்று அச்சுப்படிகளைப் பையில் வைப்பார், அக்கா இழுத்துக்கொள்வார். திருத்தியதும் பை கீழே இறங்கும். நாளடைவில் அந்தப் பையில் பால் வந்தது, மருந்து வந்தது, நான்காம் மாடி டீச்சரின் வம்புச் செய்திகள் துண்டுச் சீட்டில் வந்தன. அக்கா சலிப்பில்லாமல் எல்லாவற்றையும் இழுத்தார். துண்டுச் சீட்டுகளில் இருந்த எழுத்துப் பிழைகளையும் திருத்தியே திருப்பி அனுப்பினார்.

ஒருமுறை கட்டடத்தில் உள்ளவர்கள் நல்லெண்ணத்தோடு அவரை நாற்காலியோடு தூக்கிப் படி வழியாக இறக்கினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஆளாளுக்கு ஒரு பக்கம் சாய்த்து, “மெதுவா, மெதுவா, உங்க பக்கம் தூக்குங்க” என்று கத்தி, சுவரில் இடித்து, ஒரு வழியாகக் கீழே சேர்த்தார்கள். மறுமுறை கூப்பிட்டபோது அக்கா வரவில்லை. “நான் என்ன பீரோவா? வீடு மாத்தும்போது சொல்லுங்க, அப்ப சேர்த்து இறக்கலாம்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கதவை உள்ளே தாழ் போட்டார்.

5. அக்காவுக்கு ஒரே ஒரு நெருங்கிய சிநேகிதி. அவரும் பிழை திருத்துபவர். இதயத்தில் கோளாறு, படி ஏறக் கூடாது. மகளோடு நிரந்தரமாக வெளிநாட்டில் போய் இருக்கப்போவதால், கிளம்பும் நாளன்று சொல்லிக்கொண்டு போக வந்தார். அன்று நல்ல மழை. லிஃப்ட் கதவில் என் பலகை. நான் குழிக்குள் முழங்கால் தண்ணீரில் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் தெருவில் குடை பிடித்து நின்றார். அக்கா ஆறாம் மாடி பால்கனியில் நின்றார். இருவரும் தொண்டை கட்டும்வரை கத்திக் கத்திப் பேசினார்கள். “உடம்பப் பாத்துக்கோ!” “என்னது?” “உடம்ப!” “கேக்கலடீ!” தெருவில் போன ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, கீழே இருந்தவர் சொன்னதை மேலே பார்த்துக் கத்தி உதவினார். கடைசியில் பை கீழே இறங்கியது. அதில் அக்கா தன் சிவப்புப் பென்சிலை வைத்திருந்தார். சிநேகிதி தன்னுடையதை அதில் வைத்து அனுப்பினார். பிறகு அவரை ஏற்றிக்கொண்டு கார் போய்விட்டது.

ஐயா, அந்தப் பலகையை மாட்டியவன் நான். நகரம் முழுக்கப் பெட்டிகளை ஓட்டிக்கொண்டிருப்பவன், என் அக்காவை மட்டும் மேலே பூட்டி வைத்தேன். அன்று எனக்கு அழுகை வந்தது. குழிக்குள் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. இந்த வரியை அக்கா அடித்திருந்தார். நான் மறுபடி எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

6. அன்று மாலை அக்கா ஓர் அச்சுப்படியின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்து என்னிடம் நீட்டினார். இத்தனை வருடம் மழை பெய்யும்போதெல்லாம் பால்கனியில் இருந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு எங்கள் வாசல் வரைபடம் போலத் தெரிந்திருக்கிறது. எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் விழுகிறது, எந்த மூலையில் திரும்புகிறது, எங்கே சுழன்று உள்ளே நுழைகிறது என்று எல்லாம் சிவப்புக் கோடுகளாக இருந்தன. “தண்ணி வந்து சேர்ற இடத்துல நின்னுக்கிட்டு இறைச்சா எப்பிடிடா முடியும்? அது கிளம்புற இடத்தைப் பாரு” என்றார். எனக்கு இது தோன்றாததற்குக் காரணம் எளிது. நான் எப்போதும் குழிக்குள்ளேயே இருந்தேன்.

7. சங்கத் தலைவரிடம் சொன்னோம். அவரைக் கட்டடத்தில் எல்லோரும் ‘தீர்மானம்’ என்றே கூப்பிடுவோம். மொட்டை மாடியில் துணி காயப்போடுவதற்குக்கூடத் தீர்மானம் நிறைவேற்றுபவர். உடனே கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, வாசல் டைல்ஸை உடைக்கச் சம்மதம் வாங்கித் தந்தார். நல்ல மனிதர். இதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன், ஏனென்றால் சற்று நேரத்தில் அவரைப் பற்றி வேறு சில விஷயங்களும் சொல்ல வேண்டியிருக்கிறது.

டைல்ஸை உடைத்தோம். கட்டடத்தின் அஸ்திவாரத்தை விட்டு நன்றாகத் தள்ளி, தெருவோரமாக நீளமாக ஆழப் பள்ளம் தோண்டி, செங்கல் உடைசலும் ஜல்லியும் மணலும் அடுக்கினோம். மொட்டை மாடிக் குழாய்களை எல்லாம் அங்கே திருப்பினோம். மேலே மண் போட்டு, அந்த மண் நடைபாதையைவிடத் தாழ்வாக இருக்கும்படி விட்டோம். தண்ணீர் அங்கே வந்து நிற்க வேண்டும், நின்று இறங்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

மண்ணைச் சும்மா விட்டால் இறுகிவிடும், வேர் வேண்டும் என்று அக்கா சொன்னார். அப்போது அவர் நம் பக்கத்துச் செடிகளைப் பற்றிய ஒரு நூலைத் திருத்திக்கொண்டிருந்தார். பிழை பார்க்க உட்கார்ந்தவர் நூலையே நம்பத் தொடங்கிவிட்டார். நொச்சி, வெட்டிவேர், கோரை, துத்தி, தும்பை, நிலப்பனை என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். நர்சரியில் போய்க் கேட்டேன். “இதெல்லாம் யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?” என்று சிரித்தார்கள். பிறகு ரயில் பாதை ஓரத்தில் கட்டடம் எழும்பப்போகும் ஒரு மனையில் அத்தனையும் கேட்பாரற்று வளர்ந்திருப்பதைப் பார்த்தேன். மனைக்காரரிடம் அனுமதி கேட்டபோது, “எடுத்துக்கிட்டா எனக்கு வேலை மிச்சம்” என்று மண்வெட்டியும் கொடுத்தார்.

8. அடுத்த மழைக்காலம் வந்தது. முதல் பெரிய மழையன்று நான் பலகையைக் கையில் வைத்துக்கொண்டே லிஃப்ட் வாசலில் நின்றேன். பழக்கதோஷம். குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சிலந்தி இருந்தது. தண்ணீர் இல்லை. மறுபடி பார்த்தேன். அதே சிலந்தி.

அந்த நேரம் பெட்டி கீழே வரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. உள்ளே அக்கா, சக்கர நாற்காலியில். நேராக வாசலுக்குப் போனார். செடிகள் தலையாட்டிக்கொண்டு நிற்க, குழாய்த் தண்ணீர் மண்ணில் விழுந்து சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. “எங்கடா போகுது இவ்வளவு தண்ணியும்?” என்று கேட்டுக்கொண்டே கூரையை விட்டு வெளியே போய், மழையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் குடை கொண்டுபோனேன். தட்டிவிட்டார். மறுநாள் அவருக்கு ஜலதோஷம். தும்மிக்கொண்டே பதிப்பகத்துக்கும் நான்காம் மாடி டீச்சருக்கும் போன் போட்டு, “மழையில நனைஞ்சுட்டேன், அதான் சளி” என்றார். ஜலதோஷத்தை ஒருவர் இவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டதை நான் அதுவரை கேட்டதில்லை. வெளிநாட்டுச் சிநேகிதிக்கும் அதையேதான் சொன்னார்.

அந்த மழைக்காலம் முழுக்க லிஃப்ட் நிற்கவில்லை. கயிற்றுப் பையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டோம். அதன் பிறகு கோடையில் ஆழ்துளைக் கிணறும் காற்றுக்குப் பதில் தண்ணீரையே தந்தது. லாரிக்காரர் வழியில் பார்த்தால் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

9. இப்போது தங்கள் அலுவலகம் கதைக்குள் வருகிறது. இந்தச் செடிகள் இந்த மண்ணுக்குப் பழகியவை. மழை வந்தால் துள்ளும். வெயில் ஏறினால் அடங்கிவிடும். துத்தியும் தும்பையும் விதையைக் கொட்டிவிட்டுக் காய்ந்த குச்சியாக நிற்கும். வெட்டிவேர் மேலே வைக்கோல் போல ஆகும், வேர் மட்டும் கீழே ஆழத்தில் பச்சையாக இருக்கும். நிலப்பனை தரைக்கு மேல் ஆளே இல்லாமல் போய், கிழங்காக மண்ணுக்குள் படுத்துக்கொள்ளும். யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. முதல் மழையில் தானே எழுந்துகொள்ளும். கோடையில் அவை சாகவில்லை, தூங்குகின்றன.

இந்தத் தூக்கம் உச்சத்தில் இருந்த சமயம் பார்த்து, எங்கள் தலைவர் ‘தீர்மானம்’ தங்கள் அலுவலகம் நடத்தும் அழகிய முகப்புப் போட்டிக்கு விண்ணப்பித்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. தீர்மானம்கூட நிறைவேற்றவில்லை! வாழ்க்கையிலேயே அவர் தீர்மானம் போடாமல் செய்த ஒரே காரியம் இதுதான். மழைக்காலத்தில் எடுத்த படத்தை ஒட்டி அனுப்பியிருந்தார். படத்தில் பசேல் என்று இருந்ததைப் பார்த்துத் தங்கள் கள ஆய்வாளர் ஆசையாக நேரில் வந்தார். வந்தவர் எதிரில் இருந்தது காய்ந்த குச்சியும் வைக்கோலும். அவர் மனது என்ன பாடுபட்டிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ‘செடிகள் யாவும் பட்டுப்போயுள்ளன, பராமரிப்பு இல்லை, புதர் அகற்றப்பட வேண்டும்’ என்று எழுதிவிட்டுப் போனார். அதுதான் முதல் நோட்டீஸ்.

(இங்கே ஆய்வாளரைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு சொல்லை அக்கா அடித்துவிட்டார். ஆகவே அவர் தம் கடமையைச் செவ்வனே செய்தார் என்று கூறிக்கொள்கிறேன்.)

10. நோட்டீஸைப் பார்த்ததும் தலைவருக்குக் கை கால் ஓடவில்லை. மறு ஆய்வுக்கு வருவதாக எழுதியிருந்ததால், அதற்கு முதல் நாள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பை நிறைய பிளாஸ்டிக் பூ வாங்கிவந்தார். மஞ்சளும் சிவப்புமாக. காய்ந்த துத்திக் குச்சி ஒவ்வொன்றிலும் ஒன்று கட்டினார். நான் வேலைக்குப் போயிருந்தேன். அக்கா மட்டும் மேலிருந்து பார்த்துவிட்டு, “என்ன தலைவரே, இந்த வருஷம் துத்தி ரோஜாவா பூக்குதா?” என்று கேட்டிருக்கிறார். தலைவர் மேலே பார்த்து, “கொஞ்சம் சும்மா இருங்கம்மா, எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான்” என்று சொல்லியிருக்கிறார்.

ஆய்வாளர் வந்தார். ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய பூவில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. ‘முகப்பில் பிளாஸ்டிக் கழிவு கொட்டி வைக்கப்பட்டுள்ளது’ என்று இரண்டாம் நோட்டீஸ் வந்தது. இந்த நோட்டீஸ் முற்றிலும் நியாயமானது. தலைவர் எல்லாப் பூக்களையும் அன்றே அவிழ்த்துவிட்டார். ஒன்றைத் தவிர, அது இணைப்பில் வருகிறது.

11. இதே சமயத்தில் எதிர்க் கட்டடத்தின் முகப்பு முழுவதும் பிளாஸ்டிக் புல் விரிக்கப்பட்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும். அதற்குத் தங்கள் அலுவலகம் ‘சிறந்த பசும்புல் பராமரிப்பு’ என்ற சான்றிதழ் வழங்கியிருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். வெயிலில் அந்தப் புல் காலைச் சுடுவதால் அவர்களுடைய வாட்ச்மேன் தினமும் லாரித் தண்ணீரை ஹோஸ் குழாயில் அடிக்கிறார். ஒருநாள் என்னிடம், “அண்ணே, எவ்ளோ ஊத்தினாலும் வளரவே மாட்டேங்குது, அது ஒண்ணுதான் இதுல நிம்மதி” என்றார். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர்.

எங்களிடம் ஒரு பை பிளாஸ்டிக் பூ, அது கழிவு. அவர்களிடம் ஒரு முகப்பு முழுக்கப் பிளாஸ்டிக் புல், அது பசுமை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்கிறேன்.

12. நோட்டீஸின்படி, கெடு முடிந்ததும் தங்கள் ஒப்பந்ததாரர் வந்து செடிகளை அகற்றி, பள்ளத்தை நிரப்பி, நடைபாதையைவிட உயரமாகச் சிமென்ட் தளம் போட்டு, மேலே புல் விரிப்பார். அளவெடுக்க வந்த அவருடைய ஆளிடம் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். “அது உங்க கட்டடத்துப் பக்கம் தானா வடிஞ்சிடும் சார்” என்று ஆறுதலாகச் சொன்னார். வடியும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. எங்கே வடியும் என்பதும் தெரியும். அந்த இடத்தில் நான் பாதி வயதைக் கழித்திருக்கிறேன்.

புல்தரை அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதல் பெரிய மழையன்று நான் மறுபடியும் பலகையை எடுத்துக்கொண்டு போய் மாட்ட வேண்டும். மாட்டாமல் இருக்க முடியாது; லிஃப்டில் ஏறுகிறவர்களின் உயிர் விஷயம். அக்கா கோபிக்க மாட்டார். மடித்து வைத்த கயிற்றுப் பையை எடுத்துக் கட்டச் சொல்வார், அவ்வளவுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியாது ஐயா. மற்றபடி இம்மனுவில் உள்ள எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வேன், பிளாஸ்டிக் பூ உட்பட.

13. ஆகவே, கீழ்க்கண்டவாறு உதவிடத் தங்களைப் பணிந்து வேண்டுகிறேன்:

(அ) முதல் நல்ல மழை பெய்யும்வரை முதல் நோட்டீஸை நிறுத்தி வைக்கவும், ஒப்பந்ததாரரை வேறு நல்ல வேலைக்கு அனுப்பவும் வேண்டுகிறேன்.

(ஆ) இரண்டாம் நோட்டீஸைப் பொறுத்தவரை, தலைவரை மன்னிக்கவும். அவர் பூ கட்டியது ஏமாற்றுவதற்காக அல்ல, பயத்தில். இப்போது அவரைப் பார்த்துக் கட்டடத்தில் எல்லோரும் ரோஜா என்கிறார்கள். அதுவே போதிய தண்டனை.

(இ) எதிர்க் கட்டடத்தின் சான்றிதழைத் திரும்பப் பெற வேண்டாம். கண்ணாடிச் சட்டத்துக்கே நிறையச் செலவு செய்திருப்பார்கள். அந்தப் புல்லுக்குத் தண்ணீர் அடிப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னால் போதும்.

(ஈ) இனி முகப்புத் தோட்டங்களை ஆய்வு செய்யும்போது, உள்ளூர்ச் செடிகள் உள்ள இடங்களை மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பார்க்கும்படி ஆய்வாளர்களுக்கு அறிவுறுத்தவும். தூங்குகிற ஒருவரை எழுப்பிப் பார்க்காமல் இறந்துவிட்டார் என்று எழுதுவது எந்த அலுவலகத்துக்கும் அழகல்ல.

14. முதல் மழை பெய்த மறுநாள் தாங்கள் நேரில் வர வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய அழைப்பு. செடிகள் எழவில்லை என்றால் மண்வெட்டியை நானே எடுத்துத் தருகிறேன். எழுந்திருந்தால் தாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனால் போதும். வாசலில் தங்களை வரவேற்க அக்கா கீழே வந்திருப்பார்.

15. இதையெல்லாம் படித்த பிறகும் சிமென்ட்தான் முடிவு என்றால், ஒரே ஒரு வேண்டுகோள். அந்த முடிவைத் தபாலில் அனுப்ப வேண்டாம். ஒரு மழை நாளில் தாங்களே வந்து அக்காவிடம் நேரில் சொல்லவும். ஆறாம் மாடி, இடது பக்கக் கதவு. படி ஏறித்தான் வர வேண்டியிருக்கும்.

நல்ல பதிலையும் நல்ல மழையையும் ஒருசேர எதிர்பார்த்து,

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
பராமரிப்புப் பொறுப்பாளர்

மேற்கண்டவை சரி, பிழை பார்க்கப்பட்டது.
(ஒப்பம், சிவப்புப் பென்சிலில்)
அக்கா

இடம்: கட்டட வாசல்
நாள்: கெடு முடிய ஒரு வாரம் இருக்கும் வெள்ளிக்கிழமை, வானத்தில் மேகம் இல்லை

இணைப்புகள்:
1. ஒரே இடத்தின் இரண்டு புகைப்படங்கள்: மழையில் ஒன்று, வெயிலில் ஒன்று.
2. தண்ணீர் ஓடும் வழியைக் காட்டும் சிவப்புக் கோட்டுப் படத்தின் நகல். மூலப் பிரதியை அக்கா தர மறுத்துவிட்டார்.
3. பிளாஸ்டிக் பூ ஒன்று, விலைச்சீட்டுடன்.
4. நிலப்பனைக் கிழங்கு ஒன்று. தங்கள் ஆய்வாளர் பட்டுப்போனதாக எழுதிய அதே இடத்திலிருந்து இன்று காலை அக்கா லிஃப்டில் இறங்கி வந்து, தன் கையாலேயே தோண்டி எடுத்தது. தயவுசெய்து இதைக் கோப்பில் வைத்துத் தைத்துவிட வேண்டாம். ஈரத் துணியில் சுற்றித் தங்கள் மேஜை மேல் வைத்திருக்கவும். உயிருடன் இருக்கிறது.